டிவி சுவரில் ரிமோட்டில் நிறம் மாறும் எல்இடி விளக்கு: பலகையை மூடும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: ஹாலில் டிவி மாட்டும் பலகைக்குப் பின்னால், ரிமோட்டில் நிறம் மாறும் எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டலாம் என்று இருக்கிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

தாராளமாகப் போடுங்கள். ஆனால் பலகை அடித்து மூடுவதற்கு முன் ஒரு ராத்திரி முழுக்க வெள்ளை நிறத்தில் எரியவிட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் அதைச் செய்யாமல் விட்டதால், அடித்த பலகையைத் திரும்பக் கழற்ற வேண்டியதாயிற்று.

எங்களுடையது எட்டடி அகலம், ஆறடி உயரப் பலகை. சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி நிற்கும். அதன் பின்விளிம்பில் நாலு பக்கமும் ஸ்ட்ரிப். சுற்றளவு 28 அடி, அதாவது எட்டரை மீட்டர். ஐந்து மீட்டர் ரோல் இரண்டு வாங்கி, ஒன்றோடு ஒன்றை இணைத்து, ஒரே முனையில் கரண்ட் கொடுத்திருந்தார் எலெக்ட்ரீஷியன். சிவப்பு போட்டால் சரியாகத்தான் இருந்தது. வெள்ளை போட்டதும் குட்டு வெளிப்பட்டது. கரண்ட் ஏறும் முனையில் வெள்ளை, சுற்றி வந்து முடியும் முனையில் செம்மஞ்சள்.

காரணம் இதுதான். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்து எரிவதுதான் இந்த வெள்ளை. ஸ்ட்ரிப்பின் செம்புத் தகடு மெல்லியது, தூரம் போகப் போக 12 வோல்ட் குறைந்துகொண்டே வரும். சிவப்பு எல்இடிக்கு ஏறக்குறைய 2 வோல்ட் போதும். பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். அதனால் அவை இரண்டும் முதலில் மங்கும், சிவப்பு மட்டும் தெம்பாக நிற்கும்.

கரண்ட் கணக்கையும் முதலிலேயே போட்டுவிடுங்கள். மீட்டருக்கு 60 எல்இடி உள்ள 5050 வகை (எல்இடி ஒவ்வொன்றும் 5 மி.மீ. சதுரம்), மீட்டருக்கு 14.4 வாட் இழுக்கும். எட்டரை மீட்டருக்கு 122 வாட், 12 வோல்ட்டில் பத்து ஆம்பியருக்கு மேல். ரிமோட்டோடு வரும், நிறத்தை மாற்றும் சின்ன கன்ட்ரோலர் பெட்டிகள் பலவும் 6 ஆம்பியர்தான் தாங்கும். கடைசியில் 150 வாட் எஸ்எம்பிஎஸ் (வீட்டுக் கரண்டை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டி) வாங்கினோம். முதல் ரோல் கன்ட்ரோலரில், இரண்டாவது ரோல், கன்ட்ரோலர் சொல்லும் நிறத்தையே தனிக் கரண்டில் எரியவைக்கும் ஒரு ஆர்ஜிபி ஆம்ப்ளிஃபையரில். இரண்டுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனி வயர். செம்மஞ்சள் போய்விட்டது.

ரிமோட் இன்ஃப்ராரெட் என்றால், கன்ட்ரோலரில் தொங்கும் அந்தக் கறுப்புக் கண் வெளியே தெரிய வேண்டும். பலகைக்குப் பின்னால் போனால் பொத்தானை எத்தனை தடவை அழுத்தினாலும் வேலைக்கு ஆகாது. நாங்கள் டிவியின் கீழ்விளிம்பை ஒட்டி ஒரு சின்னத் துளை போட்டு வெளியே எடுத்தோம். ரேடியோ அலையில் இயங்கும் ஆர்எஃப் ரிமோட் வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை, பலகையைத் தாண்டி வேலை செய்யும்.

சுவரைப் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு போகும்போது பட்டி பார்த்ததில் உள்ள மேடு பள்ளம் ஒவ்வொன்றும் நிழலாகத் தெரியும். பகலில் கண்ணாடி மாதிரி இருந்த எங்கள் சுவரில், இரவில் கரண்டி இழுத்த வரிகளை எண்ணலாம். மறுபடி தேய்த்து மேட் பெயின்ட் அடித்தோம். பளபளப்புப் பெயின்ட் வேண்டாம், ஒவ்வொரு எல்இடியும் புள்ளி புள்ளியாகப் பிரதிபலிக்கும். ஸ்ட்ரிப்பை நேரே ஒட்டாமல், பால் வெள்ளை மூடி போட்ட அலுமினியப் ப்ரொஃபைலில் (நீளமான பள்ளச் சட்டம்) வையுங்கள். சூடும் இறங்கும், புள்ளியும் மறையும்.

மூன்று நிறமும் சேர்ந்து வரும் வெள்ளையில் ஒரு நீலச் சாயல் இருக்கும், முகத்தில் பட்டால் நன்றாயிராது. தனி வெள்ளை எல்இடியும் சேர்ந்த ஆர்ஜிபிடபிள்யூ ஸ்ட்ரிப்பில், வெள்ளை 3000 கெல்வினாக, அதாவது மஞ்சள் சாயல் உள்ள வார்ம் வொயிட்டாகப் பார்த்து வாங்குங்கள். எங்கள் வீட்டில் வாரநாட்களில் எரிவது வார்ம் வொயிட் மட்டும்தான். சாயங்காலம் அம்மா பெரிய விளக்கை அணைத்துவிட்டு இந்த வெளிச்சத்தில்தான் உட்கார்ந்திருப்பார். நிறமெல்லாம் பேரப்பிள்ளைகள் வரும் நாளில்.

எஸ்எம்பிஎஸ்ஸைப் பலகைக்குள் வைத்து மூடாதீர்கள். டிவி கேபினட்டில் காற்றோட்டமாக, கை எட்டும் இடத்தில் வைத்து எர்த் வயர் கொடுக்கச் சொல்லுங்கள். ஸ்ட்ரிப்பைக் கத்தரிக்கோல் அடையாளம் உள்ள கோட்டில் மட்டும் வெட்டுங்கள். மூலைகளில் கிளிப்பை நம்பாமல் ஈயம் வைத்து வயர் பற்றவைக்கச் சொல்லுங்கள்.