ஜன்னல் வெயில் பகல்பல்லிக்குப் போதுமா?

கேள்வி: வளர்ப்பில் பிறந்த மடகாஸ்கர் பெரும் பகல்பல்லி ஒன்றை ஐந்து மாதமாகக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கிறோம். வெயில் படட்டும் என்று ஜன்னலோரம் வைத்தோம். கிளிப்பச்சை மங்கிவிட்டது. கால்விரல்கள் அவ்வப்போது துடிக்கின்றன. ஏன்?

பதில்: விரல் துடிப்பது பெரும்பாலும் ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிட்டதன் அடையாளம். ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் இன்றே கொண்டுபோங்கள். கையால் பிடிக்க வேண்டாம், தோல் உரிந்து கையோடு வந்துவிடும். டப்பாவைக் கவிழ்த்து மூடி, அடியில் அட்டையைச் செருகி எடுங்கள்.

ஜன்னல் வெயிலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தோலில் வைட்டமின் டி3 உண்டாக்கும் புற ஊதா பி கதிரைக் கண்ணாடி ஏறக்குறைய முழுதும் தடுத்துவிடும், சூட்டை மட்டும் உள்ளே விடும். டி3 இல்லாமல் தின்ற கால்சியம் உடம்பில் சேராது. வெயில் ஏறினால் பெட்டியே அடுப்பாகிவிடும். அதனால் அங்கிருந்து எடுத்துவிடுங்கள்.

வடக்கு மடகாஸ்கரில் இது மரத்தண்டிலும் வாழையிலும் வீட்டுச் சுவரிலும் வாழ்கிறது. நேர் வெயிலில் உடம்பைப் பரத்திக் காயும், சூடேறியதும் தண்டைச் சுற்றி மறுபக்க நிழலுக்கு நழுவும். பெட்டியிலும் அந்த வெயிலும் நிழலும் அருகருகே கிடைக்க வேண்டும். ஒரு பல்லிக்குக் குறைந்தது 45×45×60 செ.மீ., உயரம் 90 என்றால் இன்னும் நல்லது. உடம்பைவிட அகலமான மூங்கில்களைச் செங்குத்தாகவும் சாய்வாகவும் நிறுத்துங்கள். மேலே சூட்டு விளக்கும் 5–6 சதவீதப் புற ஊதா பி குழல்விளக்கும் ஒரே இடத்தில் விழட்டும். பல்லி காயும் இடம் விளக்கிலிருந்து 20–30 செ.மீ. தள்ளி, 32–35 டிகிரியில் இருக்கட்டும். அடிப்பக்கம் 25–27, இரவில் 20–23 போதும். குழல் எரிந்துகொண்டே இருந்தாலும் கதிர் குறைந்துகொண்டே வரும். வருடம் ஒருமுறை மாற்றுங்கள், மாட்டிய தேதியைக் குழலின் மேலேயே எழுதிவையுங்கள்.

சுவர்க்கோழிப் பூச்சியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் சொற்பம். ஒவ்வொரு முறையும் கால்சியம் பொடியில் புரட்டிப் போடுங்கள். டி3 கலந்த பொடி எவ்வளவு என்பதை மருத்துவரே சொல்லட்டும், மிஞ்சினால் அதுவும் கெடுதல். பூச்சி பல்லியின் தலை அகலத்தைத் தாண்டக் கூடாது. வாரம் ஒருமுறை கொஞ்சம் மாம்பழக் கூழ் வைக்கலாம். காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள், இலையில் நிற்கும் துளியை நக்கித்தான் குடிக்கும்.

பெண் பல்லியாக இருந்தால் கழுத்தின் இரு பக்கமும் பாருங்கள். முட்டை ஓட்டுக்கான கால்சியத்தை அங்கே சிறு வெள்ளைப் புடைப்புகளாகச் சேர்த்துவைக்கும். முட்டையிடும் பருவத்தில் அவை வற்றிக் கிடந்தால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.