சகோதர நகரத்துக்கு யாரை அனுப்பலாம்? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. அதனால் சமையலறைத் தோட்டம், கடவுச்சீட்டு பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் பிரதேச சபை ஜப்பானில் ஒரு மலைநகரத்தோடு சகோதர நகர உறவு வைக்கப் போகிறதாம். நல்லெண்ணக் குழு ஒன்றும் போகிறதாம். தோட்டத் தொழிலாளர் இருக்கிற லயத்து வரிசை வீடுகளின் கூரை ஒழுகும்போது இந்தப் பயணம் தேவையா என்று எங்கள் தோட்ட டிவிஷனில் கேட்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– நுவரெலியா மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர்

தேவை என்றுதான் சொல்வேன் ஐயா. ஆனால் குழுவில் யார் யார் பெயர் இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் கைதட்டுவேன்.

நூலகத்தில் வேலை பார்த்த காலத்தில் இப்படி ஒரு குழுவோடு மொழிபெயர்ப்பாளராக ஜப்பானுக்குப் போயிருக்கிறேன். குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் மேடையில் பேசிப் பழகியவர்கள். வரவேற்பு, பொன்னாடை, படம் எடுப்பது எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. ஒரு பின்னேரம் ஊர் மண்டபம் ஒன்றுக்குக் கூட்டிப்போனார்கள். சுவரில் பெரிய வரைபடம். மலைச்சரிவுகளில் சில இடம் மஞ்சள், சில இடம் சிவப்பு. மஞ்சள் என்றால் மண் சரிந்தால் ஆபத்து. சிவப்பு என்றால் வீடே உடைந்து உயிர் போகக்கூடிய இடம்.

வயதான அம்மா ஒருவர் வந்து மஞ்சளுக்குள் தன் வீட்டைத் தொட்டுக் காட்டினார். அப்படியே விரலைக் கீழே இழுத்துக்கொண்டு வந்து பள்ளிக்கூடத்தில் நிறுத்தினார். மழை கூடினால் அங்கே போக வேண்டும். ஓடை பெருகினால் எந்தப் பாதையில் இறங்கக் கூடாது, பக்கத்து வீட்டில் நடக்க முடியாதவரை யார் கூட்டி வருவது, எல்லாம் அவருக்கு மனப்பாடம். எங்கள் ஆட்கள் தலையாட்டிக் கேட்டார்கள், நன்றி சொன்னார்கள், பஸ்ஸில் ஏறினார்கள். அந்த அம்மாவிடம் கேட்க ஆயிரம் கேள்வி உள்ளவர்கள் நம் லயங்களில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட அந்தக் குழுவில் இல்லை. இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

2014ஐ நினைத்துப் பாருங்கள். ஓகஸ்ட் 20 விடியற்காலை ஹிரோஷிமா நகரத்தின் மலையோரக் குடியிருப்புகளில் கடும் மழையால் மண் சரிந்து 70க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நம் லயங்கள் மண்ணுக்குள் போயின. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடம் தெரியவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். போக வேறு காணி இல்லாமல் சனம் அங்கேயே இருந்தது.

ஜப்பானில் அந்த வருடம் முடிவதற்குள் சட்டத்தைத் திருத்தினார்கள். எந்தச் சரிவு ஆபத்து என்று ஆய்வு செய்தால் அதன் முடிவை ஊருக்கு வெளியிட்டே ஆக வேண்டும் என்று ஆக்கினார்கள். நம் பக்கம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகள் இருக்கின்றன: 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் கவனம், 100ஐத் தாண்டினால் ஆயத்தம், 150ஐத் தாண்டினால் வெளியேற்றம். நல்ல அளவுகள்தான். ஆனால் இரவு பதினொரு மணிக்கு 150 ஆகிவிட்டது என்று மேட்டு லயத்துக்கு யார் வந்து சொல்வது, அந்த இருட்டில் சனம் எங்கே போவது? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோதும் மலையகம் இதே கேள்வியோடுதான் நின்றது.

ஆகவே தவிசாளர் போகட்டும். கையெழுத்துப் போட அவர் வேண்டும். அவரோடு சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் போகட்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் போகட்டும். ஆபத்து என்று குறித்த லயத்தில் இருக்கிற ஒரு தாய் போகட்டும். அப்புறம், தோட்டத்தில் கான் (வடிகால்) வெட்டி வயதான ஒரு தொழிலாளி கட்டாயம் போக வேண்டும். மழைத்தண்ணீர் எந்த மலையில் எப்படி இறங்கும், எந்தக் கான் அடைபட்டால் எந்த லயத்துக்குப் பின்னால் ஊற்றெடுக்கும் என்று அவரைப் போலத் தெரிந்தவர் கந்தோரில் யாரும் இல்லை. ஜப்பானியர் சரிவுக்குள் குழாய் இறக்கித் தண்ணீரை வடிய வைப்பதை அவர் ஒரு தரம் பார்த்தால் போதும், பாதியை மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே விளங்கிக்கொள்வார்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1987இன் பிரதேச சபைச் சட்டத்தில் இருந்த 33ஆம் பிரிவால், தோட்டத்துக்குள் ஒரு பாதையைக் கொத்திப் போடவும் சபைக்கு வழியில்லாமல் இருந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். இப்போது தோட்டத்தில் செலவழிக்கச் சபைக்கு அதிகாரம் இருக்கிறது. அதனால் டிக்கெட் காசு யாருடையது, அங்கே பார்த்ததில் எதை எந்தத் தோட்டத்தில் செய்யப் போகிறீர்கள் என்று இரண்டையும் சபைக் கூட்டத்தில் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: இலங்கையில் வேறு எந்த ஊருக்காவது இப்படி உறவு உண்டா?
– கண்டியிலிருந்து ஒரு மாணவி

உண்டு தங்கச்சி. காலிக்கு நெதர்லாந்தின் வெல்சன். யாழ்ப்பாணத்துக்கு லண்டனின் கிங்ஸ்டன். 2016இல் ஒப்பந்தம் ஆனது, அங்கே நம் தமிழ்ச் சனம் நிறைய.

கேள்வி: அன்பளிப்பாக என்ன கொண்டுபோகலாம்? தேயிலை என்றால் அவர்களிடமே இருக்கிறதே.
– ஹட்டனிலிருந்து ஒரு சபை உறுப்பினர்

தேயிலையே கொண்டுபோங்கள். அவர்கள் கொழுந்தை ஆவியில் அவித்துப் பச்சையாகவே வைத்துக்கொள்கிறவர்கள். நாம் வாட்டி, அரைத்து, புளிக்கவைத்துக் கறுப்பாக்குகிறோம். ஒரே செடியில் இரண்டு தொழில். அதைக் கதைக்க உட்கார்ந்தாலே ஒரு மணி நேரம் போய்விடும். ஆனால் கொழும்புக் கடையில் தங்கத்தாள் சுற்றிய பெட்டி வேண்டாம். உங்கள் பக்கத்துத் தொழிற்சாலைத் தூளை வாங்குங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று எழுதுங்கள். இரண்டு கையாலும் கொடுங்கள். நான்கு நான்காகக் கொடுக்காதீர்கள், அந்த எண் அவர்களுக்குச் சாவை நினைவூட்டும்.

இன்னொன்றும் செய்யலாம். 1940 நவம்பரில் குண்டுவீச்சில் எரிந்த இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரத்துப் பெண்கள், பிறகு சோவியத் நாட்டின் ஸ்டாலின்கிராட் போரில் அழிந்தபோது ஒரு மேசை விரிப்பில் தங்கள் பெயர்களைத் தைத்துக் காசும் சேர்த்து அனுப்பினார்கள். 800க்கும் மேற்பட்ட பெயர்கள். 1944இல் இரண்டு ஊர்களும் சகோதர நகரங்கள் ஆயின. அந்த விரிப்பு இன்றும் ஸ்டாலின்கிராட்டில், இன்றைய வோல்கோகிராட்டில், அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உங்கள் தூளுக்குக் கொழுந்து எடுத்த பெண்களும் ஒரு துணியில் தங்கள் பெயரைத் தைத்துத் தரட்டும். அந்தக் கைவேலைக்கு அவர்களுக்கு ஒரு நாள் சம்பளம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: இளைஞர் சார்பில் என்னைத் தெரிவு செய்திருக்கிறார்கள். மூன்று நிமிடம் பேச வேண்டும். நாங்கள் யார் என்று எப்படிச் சொல்வது?
– பதுளையிலிருந்து ஒரு இளைஞர்

சந்தோஷம் தம்பி. உங்களை அழைத்தவர்கள் பெரும்பாலும் 1951ஐச் சொல்வார்கள். அந்த வருடம் சான் பிரான்சிஸ்கோ சமாதான மாநாட்டில் இலங்கையின் நிதி அமைச்சராக இருந்த ஜே. ஆர். ஜயவர்தன, புத்தரின் வாக்கைச் சொல்லி, ஜப்பானிடம் நட்டஈடு கேட்கப் போவதில்லை என்று பேசினார். ஜப்பானில் அதை மறக்கவில்லை. நீங்களும் மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் உங்கள் கதையைச் சொல்லுங்கள். 1820களில் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து கால்நடையாக வந்தவர்கள் நம் முன்னோர். 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலையை இந்த மலை முழுக்கப் பரப்பியது அவர்கள் கை. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. மிச்சம் இருந்த நாடற்றவர்களுக்கு 2003இல்தான் சட்டம் வழி திறந்தது. இதைச் சொல்லக் குரல் உயர வேண்டாம், கூசவும் வேண்டாம். தமிழிலேயே பேசுங்கள். எழுதிய தாளை முதல் நாளே மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால், தமிழிலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து ஜப்பானிய மொழி என்று போகும்போது நீங்கள் சொல்வதில் பாதி வழியிலேயே விழுந்துவிடும்.

கேள்வி: போய் வந்த பிறகு சபை என்ன செய்தது என்று நமக்கு எப்படித் தெரியும்?
– அதே நுவரெலியா வாசகர்

கேட்டால்தான் தெரியும் ஐயா. குழு புறப்படும் முன்பே ஒரு தீர்மானம் போடச் சொல்லுங்கள்: திரும்பி வந்த ஒரு மாதத்துக்குள் தமிழிலும் சிங்களத்திலும் அறிக்கை, அது சபைக் கந்தோரிலும் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற தோட்டத்துப் பிரட்டுக்களத்திலும் ஒட்டப்பட வேண்டும். அந்த அறிக்கையோடு, உங்கள் டிவிஷனுக்கு ஒரு வரைபடமும் கேளுங்கள். எந்த லயம் மஞ்சள், எந்த லயம் சிவப்பு, மழை கூடினால் எந்தக் கட்டடத்துக்குப் போவது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது. ஒக்டோபர் மழைக்கு முன்பே அது கைக்கு வர வேண்டும்.