தளர்ந்த நட்டும் கப்பல் முதலாளியின் பொறுப்பும்

கேள்வி: துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் ஃபிட்டராக வேலை செய்கிறேன். சரக்கு ஒப்பந்தம், காப்புறுதி போன்ற வணிகச் சட்டங்களுக்கும் கப்பல் பாதுகாப்புக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
– வாசகர், ஜூரோங்

பதில்: உங்கள் தொழிலிலிருந்தே இதற்கு விடை சொல்லலாம். 'மன்காஸ்டர் காசல்' என்ற சரக்குக் கப்பல் 1953ல் கிளாஸ்கோவில் ஆய்வுக்கு வந்தபோது, திறந்து பார்க்கப்பட்ட வால்வுகளின் மூடிகளைத் திரும்பப் பூட்டிய ஃபிட்டர், நட்டுகளைப் போதிய அளவு முறுக்கவில்லை. பயணத்தில் கப்பல் ஆட்டம் கண்டபோது அவை தளர்ந்து, சரக்கு அறைக்குள் கடல்நீர் புகுந்து, சிட்னியிலிருந்து லண்டனுக்கு ஏற்றிய டின் இறைச்சி கெட்டது. பெயர்பெற்ற பட்டறையிடம்தானே வேலையைக் கொடுத்தோம் என்று கப்பல் நிறுவனம் வாதாடியது. பயணத்துக்கு முன் கப்பலைத் தகுதியாக வைத்திருக்க உரிய கவனம் செலுத்தும் கடமை நிறுவனத்துடையது, வேலையைப் பிறரிடம் கொடுத்தாலும் அந்தக் கடமை கைமாறாது என்று பிரிட்டனின் அப்போதைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை 1961ல் தீர்ப்பளித்தது. அதே கடமை இன்று சிங்கப்பூரின் கடல்வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்திலும் இருக்கிறது. நல்ல பட்டறையைத் தேடவும், முடிந்த வேலையைத் தன் ஆளை விட்டுச் சரிபார்க்கவும் முதலாளியைத் தூண்டுவது இந்தப் பொறுப்புதான்.

காப்புறுதியும் இதே திசையில் நெருக்குகிறது. 1906ஆம் ஆண்டின் ஆங்கிலேயக் கடல்சார் காப்புறுதிச் சட்டம் இங்கும் செல்லும். காலவரையறைக் காப்புறுதியில் (ஒரு பயணத்துக்கு அல்லாமல் குறிப்பிட்ட காலத்துக்கு எடுப்பது), கப்பல் தகுதியற்றது என்று தெரிந்தே முதலாளி அதைக் கடலுக்கு அனுப்பினால், அந்தக் குறையால் வந்த இழப்புக்குப் பணம் கிடைக்காது. 'எனக்குத் தெரியாது' என்று தப்பித்துக்கொள்வதும் முன்போல் எளிதல்ல. 1998ல் கட்டாயமாகத் தொடங்கிய அனைத்துலகப் பாதுகாப்பு மேலாண்மை விதிகளின்படி, நிர்வாகத்தின் உச்சியை நேரடியாக அணுகக்கூடிய ஒருவர் கரையில் நியமிக்கப்பட வேண்டும். கப்பலிலிருந்து அவருக்கு வரும் ஒவ்வொரு புகாரும் நாளை நீதிமன்றத்தில் முதலாளிக்கு எதிரான சான்றாகலாம்.

ஆனால் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு கோரும் உரிமை இந்த நெருக்குதலைத் தளர்த்திவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து. 2024ல் சிங்கப்பூரில் பதிவான 'டாலி' என்ற சரக்குக் கப்பல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஒரு பாலத்தில் மோதி ஆறு தொழிலாளர்கள் இறந்த பிறகு, கப்பல் தரப்பு தன் பொறுப்பைச் சுமார் 44 மில்லியன் அமெரிக்க டாலருக்குள் வரையறுக்கும்படி அங்குள்ள நீதிமன்றத்தை நாடியது. உயிரிழப்புக்காவது இத்தகைய வரம்பு இருக்கக்கூடாது.

உங்கள் வரையில், எந்த மூடியை யார் பூட்டினார், யார் சரிபார்த்தார் என்பது வேலைப் பதிவில் தெளிவாக இருக்கட்டும். மேற்பார்வையாளர் அவசரப்படுத்தினாலும் சரிபார்க்காத வேலைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.