ஓடுகிறவரின் இதயம்

அன்புள்ள சார்,

வயது 44. மூன்று வருடமாக ஓடுகிறேன், ஞாயிறுகளில் 20 கிலோமீட்டர். ஆபீஸ் செக்கப்பில் நாடித்துடிப்பு 48 வந்தது. எக்கோவில் இதயம் லேசாகப் பெரிதாக இருக்கிறது என்றார்கள். வீட்டில் ஷூவை ஒளித்து வைத்துவிட்டார்கள். நுரையீரலும் இப்படிப் பெருத்துவிடுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஷூ இருக்கட்டும், முதலில் கணக்கைப் பார்ப்போம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்புக்கு நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடவேண்டும். துடிப்புக்கு 70 மில்லி தள்ளும் இதயம் அதற்கு எழுபது தடவை துடிக்கும். வருடக்கணக்கில் ஓடியவருக்கு இடது கீழறை விரிந்து, ஒரே துடிப்பில் 100 மில்லி போகும். ஐம்பது துடிப்பு போதும். உங்கள் 48 அநேகமாக இந்தக் கணக்குதான்.

நோயில் வீங்கும் இதயம் வேறு. அது பெருக்கும், தள்ளும் பலமோ குறையும். அதனால் ரிப்போர்ட்டோடு இதய டாக்டரிடம் போங்கள். ஓடுகிறவன் என்பதை எடுத்த எடுப்பிலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவரும் பயந்துவிடுவார்.

இந்தப் பயம் பழசு. பாஸ்டன் மாரத்தானை ஏழு முறை ஜெயித்த கிளாரன்ஸ் டிமார் அச்சுக்கோக்கும் தொழிலாளி. 1911இல் முதல் தடவை ஜெயித்த சமயத்திலேயே, இதயத்தில் ஏதோ சத்தம் கேட்கிறது, ஓட்டத்தை விட்டுவிடு என்றார்கள் டாக்டர்கள். மனுஷர் கேட்கவில்லை. 1930இல், 41 வயதில், ஏழாவது வெற்றி. 1958இல் இறந்தது புற்றுநோயால். பிரேதப் பரிசோதனையில் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருந்தன. ஓடி ஓடி அப்படி ஆனதா, பிறவியிலேயே அப்படியா? ஒரு ஆளை வைத்துச் சட்டம் எழுத முடியாது.

நுரையீரல் சமாச்சாரம் சப்பென்றுதான் இருக்கும். அது பெருக்காது. நம் தேவைக்கு மேலேயே அதற்கு இடம் உண்டு. முன்போல உங்களுக்கு மூச்சு வாங்காததற்குக் காரணம், மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானம் பழகிவிட்டது, கால் தசைகள் ஆக்சிஜனை நன்றாக இழுத்துக்கொள்கின்றன, இதயம் அதிக ரத்தத்தை அனுப்புகிறது என்பதுதான்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. பல வருடம் மிகக் கடுமையாக ஓடும் ஆண்களில் சிலருக்கு இதய மேலறை தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு வருகிறது. ஓடும்போது நெஞ்சு பிடித்தாலோ கண் இருட்டினாலோ, கேஸ் என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துவிடாதீர்கள்.

டாக்டர் பார்க்கிறவரை ஷூ ஒளித்த இடத்திலேயே இருக்கட்டும். நடக்கச் செருப்பு போதும்.