நரகத்தில் பரோல் உண்டா?

கேள்வி: அமெரிக்காவில் ஒருவருக்கு 30,000 ஆண்டு சிறை என்று தீர்ப்பு எழுதுகிறார்களே, ஆள் செத்த பிறகு மீதியை எங்கே கழிப்பார்? மேலே போனால் பரோல் கிடைக்குமா?

முதலில் சட்டப் பக்கத்தை முடித்துவிடுகிறேன். அந்த 30,000 ஆண்டு நிஜம்தான். 1994இல் ஒக்லஹோமாவில், ஒரு சிறு பிள்ளைக்கு இழைத்த கொடுமைக்காக, ஆறு குற்றச்சாட்டுகளுக்கும் தலா 5,000 ஆண்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்கச் சொன்னார்கள். அப்பீலில் ஒன்று விழுந்தாலும் மற்றவை நிற்கும், பரோலும் எட்டாத தூரத்துக்குப் போய்விடும். செத்தால் தண்டனை அதோடு சரி. மீதியை வசூலிக்க எந்த நாட்டுச் சட்டத்துக்கும் கை நீளாது.

எங்கள் இலங்கைக் கூத்து இதற்கு நேரெதிர். அங்கே ஆள் முடிந்தும் தண்டனை மிச்சம். இங்கே தண்டனை வந்தும் ஆள் மிச்சம். கொலைக்கு மரண தண்டனை என்று இன்றைக்கும் தீர்ப்பு வருகிறது. வாசிக்கும்போது நீதிமன்றத்தில் விளக்கை அணைத்து, மின்விசிறியை நிறுத்துவார்கள். பயங்கரமாகத்தான் இருக்கும். ஆனால் 1976 ஜூனுக்குப் பிறகு இந்த நாட்டில் யாரையும் தூக்கிலிடவில்லை. 2014இல் அலுகோசு, அதாவது தூக்கிலிடுகிற ஆள், வேலைக்கு எடுத்த ஒருவர் தூக்குமேடையைப் பார்த்ததுமே வேலையே வேண்டாம் என்று போய்விட்டார். 2019இல் மறுபடி விளம்பரம் போட்டார்கள். கேட்ட தகுதிகளில் ஒன்று நல்லொழுக்கம். நூற்றுக்கு மேல் விண்ணப்பம் வந்தது, தொங்கியது மட்டும் யாருமில்லை.

மேலுலக விஷயத்தில் நான் நம்புவது என் அம்மாயியைத்தான். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் காலமெல்லாம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். சித்திரகுப்தனும் ஒரு கணக்கப்பிள்ளைதான் என்பது அவர் கட்சி. பறித்த கிலோ குறைந்தால் இங்கே செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழுகிற மாதிரி, புண்ணியம் குறைந்தால் அங்கேயும் அரைப்பேர். நரகம், எண்ணெய்க் கொப்பரை எல்லாம் அவருக்குப் பெரிய பயமில்லை. ஒரே சந்தேகம்தான் இருந்தது: "அங்கனயும் தராசுல சாக்குக்கும் தண்ணிக்கும்னு ரெண்டு கிலோ கழிப்பானுங்களோ?"

நம் நரகத்தில் ஆயுள் தண்டனை கிடையாது என்பது பலருக்கு ஞாபகமிருப்பதில்லை. வினை தீரும்வரைதான் கொப்பரை, அப்புறம் வெளியே விட்டு மறுபிறவி. பௌத்தத்திலும் இதே கணக்குதான். புத்தரையே கொல்லப் பார்த்த தேவதத்தன் அவீசி நரகத்துக்குப் போனான். ஆனால் கற்பகாலம் கழித்து வெளியே வந்து அவனும் பிரத்தியேக புத்தராவான் (குருவில்லாமல் தானே ஞானம் பெறுகிறவன்) என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இதைவிடப் பெரிய மறுவாழ்வுத் திட்டத்தை எந்தச் சிறைச்சாலைத் திணைக்களமும் போட்டதில்லை.

பொது மன்னிப்பும் உண்டு. அஜாமிளன் கதை தெரியும்தானே? செய்யாத பாவமில்லை. சாகும் நேரத்தில் மகனைக் கூப்பிடுவதற்காக "நாராயணா" என்றான்; விஷ்ணுவின் ஆட்கள் வந்து எமதூதர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இங்கே அப்படி முடியாது. மரண தண்டனைக் கைதிக்கு ஜனாதிபதி மன்னிப்பு கொடுப்பதென்றால், அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரைப்படி, விசாரித்த நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் ஆலோசனை, நீதி அமைச்சரின் சிபாரிசு எல்லாம் வேண்டும். ரோயல் பார்க் குடியிருப்பில் ஓர் இளம்பெண் கொலையான வழக்கில் 2019இல் ஜனாதிபதி கொடுத்த மன்னிப்பை 2024இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. மேலே உயர் நீதிமன்றம் இல்லாததால் அஜாமிளன் தப்பித்தான். 2025 வெசாக் பண்டிகைக்கு ஜனாதிபதி மன்னிப்பு கொடுத்தபோது, அநுராதபுரம் சிறையிலிருந்து பட்டியலிலேயே பேர் இல்லாத ஒருவர் வெளியே போனார், அதிகாரிகள் கைதாகும் அளவுக்கு விவகாரமானது. எமதூதர்கள் பேர் மாறி வேறு ஆளைக் கொண்டுபோகும் கதைகளை இனி யாரும் கட்டுக்கதை என்று சொல்லக் கூடாது.

சரி, பரோல். அதற்குச் சான்று எங்கள் தோட்டங்களிலேயே மாசி மாதம் ஆடுகிற காமன் கூத்துதான். சிவன் நெற்றிக் கண்ணைத் திறந்து மன்மதனைச் சாம்பலாக்குகிறார். விசாரணை இல்லை, வக்கீல் இல்லை. ரதி விழுந்து அழுது மன்றாடுகிறாள். கடைசியில் மன்மதனை எழுப்பி விடுகிறார், ஒரே ஒரு நிபந்தனையோடு: ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் அவன் தெரிவான். நிபந்தனையோடு விடுதலை, நெருங்கிய உறவினர் பொறுப்பு. பரோல் என்றால் வேறென்ன? அவன் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் பாட்டுப் பாடி வாதாடுவதைப் பார்த்தால், அப்பீல் இன்னும் முடியவில்லை என்றே படுகிறது.

ஆகவே பரோல் உண்டு, ஆனால் உள்ளே போனவர் தானாக மனுப் போட வழியில்லை. வெளியே ரதி மாதிரி ஒரு ஆள் விழுந்து புரண்டு அழ வேண்டும். முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைக்கலாமே என்று என் மனைவியிடம் கேட்டேன். "அந்த நேரம் பாத்துக்கலாம்" என்றாள்.