காப்புக்காடு, காட்டாறு, கட்டுவிரியன்: மலைநடைக் கேள்வி-பதில்

உள்ளூர் மலைகளில் நடப்பது பற்றி வந்த கேள்விகளில் ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து இங்கே எடுத்திருக்கிறோம். எல்லாமே ஒரே நாளில் ஏறி இறங்கும் இடங்கள். ஆயத்தமில்லாமல் கிளம்புவதும் இப்படிப்பட்ட இடங்களுக்குத்தான்.

ஊர்க்காரர்கள் காலங்காலமாகப் போய்வரும் ஒற்றையடிப்பாதைதானே. அதற்கும் அனுமதி வேண்டுமா? (தேனி)

பாதை எத்தனை பழையது என்று யாரும் பார்ப்பதில்லை. எந்த நிலத்தில் போகிறது என்றுதான் பார்ப்பார்கள். காப்புக்காடு (அரசு அறிவித்துப் பாதுகாக்கும் காடு) என்றால் 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்றால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். தேன் எடுக்கவும் கிழங்கு தோண்டவும் போகும் மலைவாழ் மக்களுக்கு உள்ள உரிமை, அவர்களோடு ஒட்டிக்கொண்டு போகிறவருக்குக் கிடையாது. "காசு கொடுத்தால் ஆள் கூட்டிப்போவார்" என்பது அனுமதி ஆகாது. மாட்டினால் அந்த ஆளுக்குத்தான் உங்களைவிடப் பெரிய தொல்லை.

நேர்வழி இரண்டு. 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் 40 தடங்கள் எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்துத் தரப்பட்டன. பதிவு செய்தால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். அதில் இல்லாத இடமென்றால் அந்த வனச்சரக அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். சமூக வலைதளத்தில் எவரோ போட்ட வழித்தடக் கோப்பு அனுமதிச் சீட்டாகாது.

உங்கள் மாவட்டத்தில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைத் தீயில் சிக்கி, சிகிச்சையில் இறந்தவர்களையும் சேர்த்து 23 பேர் போனார்கள். காய்ந்த புல் சரிவில் தீ கீழிருந்து மேலே வேகமாக ஏறும், ஏனென்றால் அனல் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கி வைத்துவிடுகிறது. அதனால் புகை கண்டால் மேல்நோக்கி ஓடக்கூடாது. பக்கவாட்டில் விலகி வெறும் பாறை, ஓடைப்படுகை, ஏற்கெனவே எரிந்து கருகிய இடம் என்று தேட வேண்டும். பாலியஸ்டர் உடை உருகித் தோலில் ஒட்டும், பருத்தி ஒட்டாது. தீப்பருவத்தில் தடங்களை மூடுவது வீண் கெடுபிடி அல்ல.

மேப்பில் 8 கி.மீ. காட்டுகிறது. இரண்டு மணி நேரம் போதாதா? (ஈரோடு)

போதாது. மலையில் தூரத்தைவிட ஏற்றம்தான் நேரத்தைத் தின்னும். 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் போட்ட கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கி.மீ.க்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. 8 கி.மீ., 600 மீட்டர் ஏற்றம் என்றால் 2 மணி 36 நிமிடம். இது குளிர்ந்த ஊரில், பழகிய கால்களுக்கு, ஓய்வில்லாமல். நம் வெயிலுக்கும், நடுவில் நின்று படம் எடுக்கும் கூட்டத்துக்கும் ஒன்றரை மடங்காக்குங்கள்: ஏறத்தாழ நான்கு மணி நேரம். இறங்கப் பாதி நேரம் போதும் என்று நினைக்காதீர்கள். கல் புரளும் சரிவில் இறங்கவும் கிட்டத்தட்ட அதே நேரம் பிடிக்கும்.

கிளம்பும் முன்பே திரும்பும் நேரத்தை முடிவு செய்துவிடுங்கள். காலை 6 மணிக்கு ஏறினால் 11 மணி ஆனதும் உச்சி கண்ணெதிரே இருந்தாலும் திரும்ப வேண்டும். "இன்னும் பத்து நிமிஷம்தான்" என்று கீழே இறங்குகிறவர் சொல்வதை நம்ப வேண்டாம். உற்சாகப்படுத்தச் சொல்வது அது. டிசம்பரில் மேற்கு மாவட்டங்களில் 6 மணி வாக்கில் சூரியன் விழும், மரங்களுக்கடியில் அரை மணி முன்பே இருட்டிவிடும். ஆளுக்கொரு தலைவிளக்கு வேண்டும். செல்போன் டார்ச் ஒரு கையை எடுத்துக்கொள்ளும், சார்ஜையும் தின்னும், அவசரத்துக்குப் பேச வேண்டிய போனும் அதுதான். எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் தேட வேண்டும் என்று வீட்டில் ஒருவருக்கு எழுதி அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்.

இறங்கும்போது முட்டி வலிக்கிறது, கால் கட்டைவிரல் நகம் கறுத்துவிடுகிறது. (சேலம்)

நகம் கறுப்பது ஷூ சின்னது என்பதால். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்போது, நடக்கப்போகும் காலுறையோடு போட்டுப் பார்த்து, நுனியில் ஒரு விரல் இடம் விட்டு வாங்குங்கள். இறங்கும் முன் கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்கினால் பாதம் முன்னால் வழுக்காது. முட்டிக்கு: சின்ன அடி, முழங்காலை லேசாக மடித்தபடி, சரிவில் குறுக்கும் நெடுக்குமாக. வெள்ளியங்கிரிக்குப் போகிறவர்கள் பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்குவது சும்மா இல்லை. எடையில் ஒரு பங்கு கைக்குப் போகிறது. இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் அது போன்ற மலைகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் போகவே கூடாது. நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் "கேஸ்" என்று சோடா குடித்துவிட்டு மேலே ஏற வேண்டாம்.

எவ்வளவு தண்ணீர் சுமப்பது? (திருச்சி)

வெயிலில் ஏறும் ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டர். நான்கு மணி நடைக்கு 2 லிட்டர், கூடுதலாக அரை லிட்டர். அதற்காக வெறும் தண்ணீரையே மடமடவென்று குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைவலி, குமட்டல், தடுமாற்றம் வரும். நீண்ட நடையில் ஒரு லிட்டரை ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) ஆக வைத்துக்கொள்ளுங்கள்: பாக்கெட் ஒன்றுக்கு ஒரு லிட்டர், அரைப் பாக்கெட்டைக் கண்ணளவில் கலக்க வேண்டாம். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டருக்கு 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டி. நீராகாரமும் உப்புப் போட்ட மோரும் கிளம்பும் முன் குடிக்க அருமையானவை.

ஒருவர் உளறத் தொடங்கினால், உடல் கொதித்தால், குடிக்கக் கொடுத்துக்கொண்டு நேரம் போக்காதீர்கள். நிழல், உடம்பெல்லாம் தண்ணீர், விசிறல், 108.

நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. ஸ்டீல் பாட்டிலோடு போனால் செக்போஸ்டில் நிற்க வேண்டாம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஓடையில் முழங்கால் அளவுதான் தண்ணீர். கடக்கலாமா? (விருதுநகர்)

உங்கள் தலைக்கு மேல் வானம் எப்படி இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மேல்மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே காட்டாறு வரும். சதுரகிரியில் 2015 மே மாதம் அப்படித்தான் பக்தர்கள் அடித்துச் செல்லப்பட்டார்கள். பழைய குற்றாலத்தில் 2024 மே மாதம் ஒரு சிறுவன். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், நீர்மட்டம் விரலளவு ஏறினால் அந்த நொடியே கரையேறுங்கள். பையையும் செருப்பையும் விட்டுவிடுங்கள்.

கடக்க வேண்டியே வந்தால் அகலமான, ஆழமில்லாத இடத்தைப் பாருங்கள். குறுகிய இடத்தில்தான் வேகம் அதிகம். பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றி, தடியை ஊன்றி, நீரோட்டத்தைப் பார்த்தபடி பக்கவாட்டில் நகருங்கள். நீர் தொடையைத் தொட்டால் திரும்புங்கள். அக்கரையில் மாட்டிக்கொண்டவர்கள் மேட்டில் காத்திருப்பதுதான் சரி. மழை நின்றால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் ஓடை வடியும்.

காட்டில் பாம்பு கடித்தால் முதலில் என்ன செய்வது? (தென்காசி)

செய்யக்கூடாததை முதலில் சொல்லிவிடலாம்: கயிறு கட்டக்கூடாது, கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது, பச்சிலை அரைக்கக்கூடாது, பாம்பைப் பிடிக்கப் போகக்கூடாது. இறுக்கிக் கட்டிய காலில் விஷம் தேங்கித் தசை அழுகும். கட்டை அவிழ்த்ததும் மொத்தமாக உள்ளே போகும்.

செய்ய வேண்டியது: உட்கார வையுங்கள். மோதிரம், கொலுசு, வாட்ச், ஷூ எல்லாம் கழற்றுங்கள், வீங்கும். கடிபட்ட கை காலை எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல் தட்டையான குச்சி வைத்து அசையாமல் தளர்வாகக் கட்டுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அவரை நடக்கவிடாமல் தூக்கித்தான் வர வேண்டும்: இரண்டு கம்புகள், நடுவே வேட்டி. சிக்னல் இருக்கும் மேட்டுக்கு ஒருவரை அனுப்பி 108-ஐ அழையுங்கள்.

நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான், எனவே எந்தப் பாம்பு என்று தேடி நேரம் கடத்த வேண்டாம். மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு சென்னைக்கு அருகே வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிக்காது, வீங்காது. இமை சரிவதும் விழுங்க முடியாததும்தான் அறிகுறி. "ஒன்றும் செய்யவில்லை" என்று விட்டால் மூச்சு நின்றுவிடும். அதனால் வென்டிலேட்டர் உள்ள அரசு மருத்துவமனையாகப் பார்த்துப் போங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் குழிவிரியன்களுக்கு இந்த மருந்து கேட்காது, ஆனாலும் மருத்துவமனைதான் வழி.

அட்டைக்கு உப்பா, புகையிலையா? (கூடலூர்)

இரண்டையும் காலுறைக்கு மேலே தடவலாம், கடிக்கும்போது வேண்டாம். உப்போ நெருப்போ வைத்தால் அட்டை வயிற்றில் உள்ளதைக் காயத்திலேயே கக்கும். மெல்லிய முனைப் பக்கம் நகத்தை நுழைத்துத் தள்ளிவிடுங்கள். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது. அழுத்திப் பிடித்தால் போதும்.

பயப்பட வேண்டியது உண்ணிக்கும் அதைவிடச் சின்னப் புதர்ப் பூச்சிக்கும். அந்தப் பூச்சி கடித்து வரும் புதர்க் காய்ச்சல் (ஸ்க்ரப் டைஃபஸ்) தமிழ்நாட்டில் சகஜம். நடை முடிந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், அக்குள், இடுப்பு மடிப்பு, முழங்கால் பின்புறம் எங்காவது சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கிறதா பாருங்கள். "காட்டுக்குப் போனேன்" என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தெரிந்தால் எளிதில் குணமாகும் நோய் அது.

மதுரைப் பக்கத்துச் சமண மலைகளுக்குப் பிள்ளைகளோடு போகிறோம். எதைக் கவனிக்க? (மதுரை)

கீழக்குயில்குடியோ அரிட்டாபட்டியோ, காலை 9 மணிக்குள் இறங்கிவிடுங்கள், பாறை சுடும். மழைக்கு மறுநாள் பாசி வழுக்கும்; கறுத்துத் தெரியும் நீர்த்தடங்களில் கால் வைக்காதீர்கள். பாறையில் வெட்டிய தமிழ்ப் பிராமி (பழந்தமிழ்) எழுத்துகள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சாக்பீஸ் தேய்ப்பவர்கள் உண்டு. ஈராயிரம் ஆண்டு நின்ற கல்லை அப்படிச் சிதைக்க வேண்டாம். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் நிழல் விழுந்து எழுத்து தானாகத் தெரியும். பிள்ளைகளுக்கும் அது நல்ல வேடிக்கை. சமணத் துறவிகளின் கற்படுக்கையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டாம். அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. பாறை இடுக்குகளில் ராசாளிகள் கூடு வைக்கும் இடம், ட்ரோன் பறக்கவிடாதீர்கள்.

வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாக இறங்குகிறோம். கிராமத்தில் ஏதாவது கட்டுப்பாடு உண்டா? (கொடைக்கானல்)

ஊருக்குள் செருப்பு போடமாட்டார்கள், ஊரே கோயில் என்பதால். எல்லையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடந்துவிடுங்கள். ஆளைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். ஸ்பீக்கரில் பாட்டு வேண்டாம்: காட்டுமாடும் யானையும் வருவதைக் காதால்தான் முதலில் அறிய முடியும். ஒதுங்க வேண்டுமென்றால் ஓடையிலிருந்து 60 மீட்டர் தள்ளி, ஒரு சாண் குழி தோண்டி மூடுங்கள். நாப்கினையும் ஈரத் துடைப்பானையும் புதைக்காமல் பையில் கட்டித் திரும்ப எடுத்து வாருங்கள்.

வீட்டு நாயைக் கூட்டிப் போகலாமா? (வால்பாறை)

காட்டுப் பாதைக்கு வேண்டவே வேண்டாம். சிறுத்தைக்கு நாய் இரை. யானையைப் பார்த்துக் குரைத்துவிட்டு நாய் உங்களிடம்தான் ஓடிவரும், யானையும் பின்னாலேயே வரும். எஸ்டேட் சாலையில் பகலில், கயிற்றோடு, தடுப்பூசி போட்ட நாய் என்றால் சரி. உங்கள் ஊரில் யானை எச்சரிக்கை சிவப்பு விளக்கு எரிந்தால் அதுவும் கிடையாது.