ஸ்மார்ட் போர்டா, சாக்பீஸா?

கேள்வி: அரசு உதவி பெறும் பள்ளியில் பிளஸ் டூ இயற்பியல் எடுக்கிறேன். ஸ்மார்ட் போர்டு வந்ததிலிருந்து எல்லாப் பாடத்தையும் பிபிடியில்தான் நடத்த வேண்டும் என்கிறார் எங்கள் ஹெச்.எம். பாடம் சீக்கிரம் முடிகிறது. ஆனால் டெஸ்ட்டில் டெரிவேஷன் (ஒரு சூத்திரம் எப்படி வந்தது என்று படிப்படியாக எழுதிக் காட்டுவது) கேட்டால் பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். சீனியர் ஆசிரியர் ஒருவர், "பேசாம பிளாக்போர்டுக்கே திரும்பிடும்மா" என்கிறார். எதைக் கேட்பது?
- ஓர் ஆசிரியை, திருச்சி மாவட்டம்

பதில்: டெரிவேஷன் விஷயத்தில் சீனியர் சொல்வதைக் கேளுங்கள். மற்றதில் வேண்டாம்.

"பாடம் சீக்கிரம் முடிகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, வினையே அங்கேதான். லென்ஸின் குவியத் தூரத்தைத் தரும் லென்ஸ் மேக்கர்ஸ் ஃபார்முலாவை எடுத்துக்கொள்ளுங்கள். போர்டில் என்றால் முதலில் படம் போட வேண்டும், முதல் பரப்பில் ஒளி விலகுவதற்குச் சமன்பாடு எழுத வேண்டும், அந்தப் பரப்பு உண்டாக்கும் பிம்பம்தான் இரண்டாவது பரப்புக்குப் பொருள் என்று சொன்னதுமே யாராவது ஒருத்தன் "அங்க பிம்பமே விழலையே மிஸ்" என்று முழிப்பான், நீங்களும் சாக்பீஸோடு நின்று திரும்ப விளக்குவீர்கள், அப்புறம் இரண்டு சமன்பாட்டையும் கூட்டும்போது நடுவிலுள்ள பிம்பத் தொலைவு அடிபட்டுப் போவதை அவர்களே பார்ப்பார்கள். குவிலென்சுக்கு இரண்டாவது வளைவு ஆரம் ஏன் மைனஸ் என்று கேட்க அங்கே நேரம் இருக்கிறது. ஸ்லைடில் இதெல்லாம் ஏற்கெனவே அடித்து வைத்த ஐந்தாறு வரி, ஒரு கிளிக், முடிந்தது. பையன் தலையாட்டுவான். புரிந்த மாதிரியும் இருக்கும், வெறும் தாளைக் கொடுத்தால்தான் தெரியும்.

அதற்காக ஸ்மார்ட் போர்டுக்குத் துணி போட்டு மூடிவிடாதீர்கள். ஏசி ஜெனரேட்டரில் சுருள் சுற்றச் சுற்ற மின்னியக்கு விசை ஏறி இறங்குவதை எவ்வளவு நன்றாக வரையத் தெரிந்தவரும் போர்டில் சுற்றிக் காட்ட முடியாது. ஒரு பக்கம் சுருள், இன்னொரு பக்கம் சைன் வளைவு, இரண்டும் சேர்ந்து நகர்கிற அனிமேஷன் ஒன்று போதும். எந்த நிலையில் உச்சம் வரும் என்று முதலில் கேளுங்கள், நாலு பேர் நாலு பதில் சொல்லட்டும், பிறகு ஓட விடுங்கள்.

ஸ்லைடில் எழுத்தை நிரப்பி அதையே வாசிப்பதுதான் இருக்கிறதிலேயே மோசம். கண் ஒன்றை வாசிக்கும், காது அதையே வேறு வேகத்தில் கேட்கும், இரண்டும் உருப்படாது. முக்கியமான விஷயம் புல்லட் பாயிண்டுக்குள் எப்படித் தொலையும் என்பதற்குக் கொலம்பியா விண்வெளி ஓடமே சாட்சி. 2003 ஜனவரியில், ஓடம் இன்னும் விண்ணில் இருக்கும்போதே, இறக்கையில் மோதிய நுரைத் துண்டைப் பற்றி நாசாவில் ஒரு ஸ்லைடு காட்டினார்கள். தலைப்பு கவலையில்லை என்கிற தொனியில் இருந்தது. சோதனையில் பயன்படுத்தியதைவிட 640 மடங்கு பெரிய துண்டு என்று புரிந்துகொள்ள வேண்டிய எண்கள் அடிவரியில் கிடந்தன. பிப்ரவரி 1ஆம் தேதி பூமிக்குத் திரும்பும்போது ஓடம் சிதறி, அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள். அந்த ஸ்லைடு மட்டுமே காரணம் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் விசாரணை அறிக்கை அதைத் தனியாக எடுத்துக் குறைகூறியது.

இன்னொன்று, இது உங்கள் சீனியருக்குப் பிடிக்காது. 2014இல் 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஆசிரியர் மட்டுமே பேசுகிற அறிவியல், கணித வகுப்புகளில் தோல்வி விகிதம், மாணவர்களும் பங்கெடுக்கிற வகுப்புகளில் இருந்ததைப்போல ஒன்றரை மடங்கு இருந்தது. நாற்பது நிமிடமும் நீங்களே பேசினால் போர்டும் அதே கதைதான். ஹார்வர்டில் இயற்பியல் எடுத்த எரிக் மசூர் நடுவில் நிறுத்தி ஒரு கேள்வி போடுவார், எல்லோரும் விடையைத் தேர்ந்தெடுத்தபின் பக்கத்தில் இருப்பவரோடு வாதாடச் சொல்வார், மறுபடி கேட்பார். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், விரலைக் காட்டச் சொன்னால் போதும்.

ஒரு சின்ன விஷயம்: பவர்பாயிண்ட் ஓடும்போது கீபோர்டில் 'பி' எழுத்தைத் தட்டினால் திரை கறுத்துவிடும், வகுப்பு உங்கள் பக்கம் திரும்பும். மறுபடி தட்டினால் ஸ்லைடு வந்துவிடும்.

ஹெச்.எம்.மிடம் போய்க் கொள்கை பேசாதீர்கள், எடுபடாது. அடுத்த டெரிவேஷனைப் போர்டில் நடத்தி, ஒரு வாரம் கழித்து ஸ்லிப் டெஸ்ட் வையுங்கள், அந்தத் தாள்களையும் பழைய தாள்களையும் அவர் மேசையில் வையுங்கள். மேலிடத்துக்கு அனுப்ப ஸ்மார்ட் கிளாஸ் போட்டோ வேண்டும் என்றால், ஏசி ஜெனரேட்டர் நடத்துகிற அன்று வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.